நுனி யார் வீட்டுக்கு?



“அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு” என்பது நம் உழவர் வழிவழியாகச் சொல்லிவரும் சொல். காடு என்றால் புலியும் கரடியும் உலவும் காடன்று. புன்செய்க்கு நாட்டுப்புறத்தார் வைத்த பெயர் அது. அறுத்த பயிரின் அடித்தாள் நிலத்துக்கே எருவாகட்டும். நடுத்தண்டு மாட்டுக்குத் தீவனமாகட்டும். நுனியில் விளைந்த மணி வீட்டாருக்கு உணவாகட்டும். மாடு தின்றது சாணமாகும், சாணம் எருக்குழியில் மக்கும், மக்கியது மறுபடியும் நிலம் சேரும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வட்டம் இது. இந்த வட்டத்துக்குத்தான் இன்று சுழற்சி வேளாண்மை, நீடித்த வேளாண்மை, இயற்கை வேளாண்மை என்று புதுப்புதுப் பெயர் சூட்டி, குளிரூட்டிய மண்டபங்களில் மாநாடு கூட்டி, மாலை மரியாதையோடு பேசிக்கொண்டிருக்கின்றனர்.

பழமொழியை நாம் பழிக்கவில்லை, பாராட்டுகிறோம். அதைச் சொன்னவன் பட்டம் பெற்றவனல்லன், பட்டறிவு பெற்றவன். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து மக்கு உரம் செய்யும் முறையை வகுத்து உலகுக்குக் கொடுத்தாரே, அவரே இந்த நாட்டு உழவர்களைத் தம் ஆசிரியர் என்றுதான் எழுதினார். ஆகவே வட்டம் நல்லது. வட்டம் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் மாநாட்டு மேடையில் முழங்கும் பெருமக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். “நுனி வீட்டுக்கு” என்கிறீர்களே, யார் வீட்டுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் மண்டபத்தில் ஓர் அமைதி நிலவும். அந்த அமைதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உபதேசம் எப்படித் தொடங்குகிறது? “உழவன் பேராசைப்பட்டான், யூரியாவை அள்ளிக் கொட்டினான், மண்ணைக் கொன்றான், இனியேனும் அவன் திருந்த வேண்டும்” என்று தொடங்குகிறது. குற்றவாளிக் கூண்டில் உழவனை நிறுத்திவிட்டுத்தான் மறுபேச்சு. யார் அந்தப் பேராசைக்காரன்? 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 79 லட்சத்துக்கு மேற்பட்ட நிலக் கைப்பற்றுகள் உண்டு என்கிறது. அவற்றின் சராசரி அளவு முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு! பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு உழவர்கள். இந்தத் துண்டு நிலத்துக்காரன்தான் பேராசை பிடித்து மண்ணைக் கெடுத்தானாம்! கேட்பதற்கே கூசவில்லையா?

அவன் ஏன் யூரியாவை நாடினான் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுக என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு. ஆகவே 5 டன்னிலும் இருப்பது 25 கிலோ. யூரியாவிலோ நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. ஒன்றேகால் மூட்டை யூரியா வாங்கினால் 5 டன் எருவின் தழைச்சத்துக்கு ஈடாகிவிடும். மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. மொத்தம் 335 ரூபாய்க்குள் முடிந்தது காரியம். 5 டன் எருவை வாங்கி, வண்டியில் ஏற்றி, வரப்போரம் இறக்கி, கூடையில் சுமந்து, வயலில் பரப்ப என்ன ஆகும்? டிராக்டர் வாடகையே அந்த 335 ரூபாயை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும்!

எரு தருவது தழைச்சத்து மட்டுமன்று என்பதை அறிவோம். அது மண்புழுவுக்கு உணவு. மண்ணின் ஈரத்துக்குக் காவல். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மெல்ல மெல்லத் தரும் களஞ்சியம். யூரியாவோ, நெல் வயலில் இட்டதில் பாதிக்கு மேல் காற்றோடும் நீரோடும் போகிறது. பயிர் உண்பது மிச்சம் மீதிதான். எல்லாம் உண்மை. ஆனால் மண்புழுவின் நன்மையை எந்தக் கடைக்காரன் பற்று எழுதிக்கொள்கிறான்? ஈரத்தின் பெருமையை எந்த வங்கி ஈடாக ஏற்கிறது? உழவன் கையில் இருப்பது இந்தப் போகத்துக்கான பணம். அதுவும் பெரும்பாலும் கடன். அந்தக் கணக்கில் யூரியா வென்றது. உழவன் முட்டாளாக இருந்ததால் வென்றதன்று; கணக்குத் தெரிந்தவனாக இருந்ததால் வென்றது.

அந்தக் கணக்கை எழுதியவர் யார்? தில்லி அரசு. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படை மானியம் என்ற திட்டம் வந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையை நிறுவனங்கள் கையில் விட்டார்கள். யூரியாவின் விலையை மட்டும் கட்டி வைத்தார்கள். மற்றவை ஏறின, யூரியா நின்ற இடத்தில் நின்றது. உழவன் எதை அதிகம் வாங்குவான்? குழந்தைக்கும் தெரியும்! ஒரு கையால் யூரியாவை ஊட்டிவிட்டு, மறு கையால் கன்னத்தில் அறைந்து, “ஏன் அதிகம் தின்றாய்?” என்று கேட்கிற விந்தை இது.

2022-23ஆம் ஆண்டில் உர மானியத்துக்காக ஒன்றிய அரசு செலவிட்ட தொகை இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அது உலக விலை ஏறிய ஆண்டு. அடுத்த ஈராண்டிலும் அது ஒன்றரை லட்சம் கோடிக்குக் கீழே இறங்கவில்லை. சரி, இயற்கை வேளாண்மைக்கு? 2024 நவம்பரில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 2,481 கோடி. அதிலும் ஒரு பங்கு மாநிலங்கள் தலையில். அந்த ஓராண்டு உர மானியத்தின் பக்கத்தில் வைத்தால் நூற்றில் ஒரு பங்கு! நூறு ரூபாயை நிறுவனத்தின் கல்லாவில் போட்டுவிட்டு, ஒரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, “பூமித்தாயைக் காப்போம்” என்று பாடுவதற்குப் பெயர் கொள்கையா?

மானியத்தை நாளையே நீக்குக என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். அப்படிச் செய்தால் என்ன நேரும் என்பதை அண்டை நாடு காட்டிற்று. அதற்குப் பின்னர் வருவோம். நாம் கேட்பது இது: ஒரு மூட்டை யூரியா விற்றால் நிறுவனத்துக்கு அரசு பணம் கட்டுகிறது. ஒரு வண்டி எரு சுமந்து வயலில் கொட்டும் உழத்திக்கு எந்த அரசு எந்த நாளில் ஒரு காசு கட்டியது?

இனி வைக்கோலைப் பாருங்கள். “நடு மாட்டுக்கு” என்றான் முன்னோன். நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 14 முதல் 20 கிலோ வரை சாம்பல்சத்து உண்டு. முன்பு அந்த வைக்கோலை வீட்டு மாடு தின்றது. சாணமும் கோமியமுமாய் வயல் சேர்ந்தது. இன்றோ, அறுவடை இயந்திரம் அறுத்துப் போட்டதை இன்னோர் இயந்திரம் உருளையாகக் கட்ட, லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. சாம்பல்சத்தும் லாரி ஏறிப் போகிறது. அதன்பின் உழவன் கடைக்குப் போய்ப் பொட்டாஷ் வாங்குகிறான். அது எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை. கனடாவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் கப்பலில் வருகிறது. வைக்கோலை விற்ற காசு கடல் கடந்து போகிறது. அந்தக் காசுக்கு வாங்கிய சத்து அடுத்த ஆண்டு வைக்கோலாகி மறுபடியும் லாரி ஏறுகிறது. இதுவும் ஒரு சுழற்சிதான், ஐயா! யார் கல்லாவைச் சுற்றும் சுழற்சி என்பதுதான் வேறு.

“வைக்கோலை ஏன் விற்கிறான்? மாடு வளர்க்கலாமே!” என்பார்கள். கணக்கில் மாடு குறைந்துவிடவில்லை. கறவை மாடு பெருகியிருக்கிறது. மறைந்தது உழவு மாடு. ஏர் பூட்டிய காளை டிராக்டருக்கு வழிவிட்டது. நாள் முழுதும் முதுகு வளைந்தவன் முதுகை நிமிர்த்தியது டிராக்டர். அதற்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. ஆனால் காளையோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. அதுதான் மேய்ச்சல் நிலம். மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு என்று ஊர்க் கணக்கில் எழுதியிருந்த பொது நிலங்களைத் தோழர்கள் இன்று தேடிப் பாருங்கள். பாதி அரசுக் கட்டடமாக இருக்கும். மீதி, ஊரில் பெரிய கை எதுவோ அதன் வேலிக்குள் இருக்கும். நிலமற்றவனின் இரண்டு மாடும் நான்கு ஆடும் மேய்ந்த இடம் அது. அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, “மாடு வளர்” என்று சொல்வது, அடுப்பை இடித்துவிட்டு “சமைத்துச் சாப்பிடு” என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கிடை போடும் வழக்கத்தையும் கேளுங்கள். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வருவார்கள். பகலில் தாளில் மேயும் ஆடு, இரவில் உழவன் காட்டிய வயலில் கிடை அமரும். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே வீழ்ந்து, வண்டி வாடகை இல்லாமல், சுமைகூலி இல்லாமல், எரு தானே நடந்து வந்து வயலில் படுத்துக்கொள்ளும்! இதைவிடச் சிக்கனமான உர முறையை எந்த நிறுவனம் கண்டுபிடித்தது? இன்றும் அவர்கள் வருகிறார்கள். ஆனால் வரும் வழியெல்லாம் மனையாகிவிட்டது. தங்கும் இடமெல்லாம் வேலியாகிவிட்டது. மந்தைக்கு நோய் கண்டால் ஊர் எல்லை தாண்டி வந்தவனுக்கு மருத்துவம் எளிதில் கிட்டுவதில்லை. இயற்கை வேளாண்மை மாநாடுகளில் பசுவுக்குப் பூசை நடக்கிறது; கீதாரிக்கு நாற்காலி போட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

ஏரி வண்டல் மற்றொரு வளையம். தமிழ்நாட்டில் 40 ஆயிரத்தை ஒட்டிய ஏரிகள். மழைநீர் மேட்டிலிருந்து அரித்து வரும் மேல்மண் ஏரியின் அடியில் படிகிறது. கோடையில் அதை வெட்டி வயலுக்கு அடித்தால் ஏரியும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடிச் செய்த வேலை. பின்னர் அந்த வண்டல் “சிறு கனிமம்” ஆயிற்று! ஒரு வண்டி மண்ணுக்கு உழவன் பல அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினான். 2024இல்தான் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி தரலாம் என்று விதியை எளிதாக்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் இயந்திரமும் லாரியும் வைத்திருப்பவன் யார்? ஒன்றரை ஏக்கர்காரனா? உழவன் பெயரில் எடுத்த வண்டல் செங்கல் சூளைக்கும் மனை நிரப்பவும் போகாமல் காவல் காப்பது நம் வேலை. அனுமதிச் சீட்டில் இருக்கும் புல எண்ணுக்கே வண்டி போகிறதா என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பல உண்மைகள் புழுதியோடு கிளம்பும்.

இதுவரை சொன்னவை வட்டத்தின் ஓரங்கள். நடுவுக்கு வருவோம். நடுவில் இருப்பது நிலம்; நிலம் யாருடையது என்ற வழக்கு.

பசுந்தாள் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ. தெளித்த 45ஆம் நாள், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தர, மண் பொன்னாகும். விதையும் பல இடங்களில் மானியத்தில் கிடைக்கிறது. ஆனால் குத்தகைக்காரனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவன் சிரிப்பான். ஏன்? அந்த 45 நாளும் நிலம் சும்மா இருப்பதாக நிலக்காரர் கணக்கு. குத்தகை நெல்லில் ஒரு மரக்கால் குறையாது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு ஓட வேண்டும். பூண்டுக்கு ஏது நாள்? திறக்காவிட்டால் பூண்டுக்கே ஏது நீர்? எல்லாம் கூடிவந்து அவன் மண்ணைப் பொன்னாக்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பலன் எப்போது தெரியும்? இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு. அதுவரை நிலம் அவனிடம் இருக்குமா? வாய்ப்பேச்சுக் குத்தகை; ஆண்டுக்கு ஆண்டு மாறும் குத்தகை. வயல் நன்றாக விளைவதைக் கண்டதும் நிலக்காரர் சொல்வார்: “வேறொருவர் மாவுக்கு இன்னும் ஒரு மூட்டை கூட்டித் தருவதாகச் சொல்கிறார்.” மண்ணை வளமாக்கியதற்கு அவன் பெறும் பரிசு, குத்தகை உயர்வு அல்லது வெளியேற்றம்! பிறர் வீட்டுக்குப் பொன் தகடு வேய்ந்துவிட்டுத் தெருவில் படுக்க எவன் முன்வருவான்?

யூரியாவின் பலன் பத்து நாளில் தெரியும். ஓராண்டுக் குத்தகைக்காரனுக்கு ஏற்ற உரம் அதுதான். எந்த உரம் வயலில் விழுகிறது என்பதை முடிவு செய்வது வேளாண் அலுவலரின் பேச்சு அன்று, குத்தகையின் காலம். இந்த உண்மையை எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் காணோம்.

“சட்டம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955இல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். ஒவ்வொன்றும் போராடிப் பெற்றது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைக்காரனுக்கு அவற்றால் என்ன? அவன் பெயரில் சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. ஆகவே பயிர்க் கடன் இல்லை, இழப்பீடு இல்லை, ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகையும் இல்லை. அது நிலம் பெயரில் உள்ளவருக்கே. அங்ககச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனாலும் நிலத்தின் தாளைக் காட்டு என்கிறார்கள். இயற்கை உழவன் என்று பட்டமும் பரிசும் பெறுவது பட்டணத்தில் வாழும் நிலக்காரர். சேற்றில் நின்று மடக்கி உழுதவன் பெயர் தெரியாதவன். கோயில்களின் பெயரில் மட்டும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. அந்த நிலங்களில் தலைமுறையாக உழுகின்றவர்களுக்கு நீண்டகாலக் குத்தகையும் அதில் பசுந்தாளுக்கான கழிவும் தந்தால், அரசாணை ஒன்றிலேயே எவ்வளவு மண் வளம் பெறும்! ஆண்டவன் நிலத்திலாவது ஆண்டுக் கணக்கு பாராமல் இருக்கலாமே!

இன்னொரு கூட்டம் உண்டு. “அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கையாகவே நடந்தது, கிராமம் தன்னிறைவாய் வாழ்ந்தது, அந்தப் பொற்காலத்துக்குத் திரும்புவோம்” என்று கண்களை மூடிப் பாடும் கூட்டம். கண்ணைத் திறந்து கேளுங்கள், பாகவதர்களே! அந்தக் காலத்தில் எருவைச் சுமந்தது யார்? பண்ணையாள். தொழுவத்தைக் கூட்டியது யார்? பண்ணையாளின் மனைவி. மாட்டை மேய்த்தது யார்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவர்கள் பிள்ளை. கூலி கேட்டால், நேரம் தவறி வந்தால், நிமிர்ந்து பார்த்தால் என்ன கிடைத்தது? சவுக்கடி, அதன்மேல் சாணிப்பால். சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள், கீழத்தஞ்சையில்! 1940களில் பி. சீனிவாசராவ் முதலான தலைவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கம்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. இத்தனையும் நடந்த அதே வயல்களில்தான் உங்கள் வட்டம் அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. அடி நிலத்துக்குப் போயிற்று. நடு மாட்டுக்குப் போயிற்று. நுனி ஆண்டையின் பத்தாயத்துக்குப் போயிற்று. உழுதவன் வீட்டுக்குப் போனது எது என்று அந்தப் பாட்டில் ஓர் அடியும் இல்லை.

ஆகவேதான் “செலவில்லா வேளாண்மை” என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதுகு சிலிர்க்கிறது. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை அது. 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கையிலேயே அது இடம்பெற்றது. 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் நீர். ஒரு நாட்டுப்பசு 30 ஏக்கருக்குப் போதும் என்பது வாதம். நுண்ணுயிர் பெருகும் என்பது உண்மை, சிலர் வயலில் பயனும் கண்டிருக்கின்றனர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 10 கிலோ பச்சைச் சாணத்தில் தழைச்சத்து 50 கிராம் தேறினால் பெரிது. ஏக்கர் நெல்லின் பசி அதனால் தீருமா? நிலத்தில் தாளும் தழையும் தொழுவுரமும் இட்டு, பயறு மாற்றிப் பயிர் செய்து, அதன்மேல் இதைத் தெளித்தால் பொருளுண்டு. வெறும் நிலத்தில் இதை மட்டும் தெளித்துவிட்டுக் காத்திருப்பது, விருந்தாளிக்கு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவது போல.

அதைவிடப் பெரிய மோசடி அந்தச் “செலவில்லா” என்ற சொல்லில் இருக்கிறது. சாணம் அள்ளுவது செலவில்லை, கரைப்பது செலவில்லை, குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவது செலவில்லை, களைக்கொல்லி இல்லாத வயலில் குனிந்து குனிந்து களை பறிப்பது செலவில்லை! அதாவது, வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் களை பறிக்கும் கூலிக்காரியின் இடுப்பு வலிக்கும் விலை சுழியம். உழைப்புக்கு விலையில்லை என்று கணக்கு எழுதியவர்களை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கையில் அப்போது சவுக்கு இருந்தது; இப்போது விளக்கப்படம் இருக்கிறது.

இனி, முன்னர்ச் சொல்லி வைத்த அண்டை நாட்டுக்கு வருவோம். 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச “சுபீட்சத்தின் நோக்கு” என்ற அறிக்கையில் பத்தாண்டில் நாட்டை இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்றார். பத்தாண்டு! நியாயமான காலம். ஆனால் 2021 வசந்தத்தில், அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கிய நேரத்தில், ஒரே அரசிதழ் அறிவிப்பால் செயற்கை உரத்தின், பூச்சிமருந்தின் இறக்குமதியைத் தடை செய்தார். பத்தாண்டுப் பயணத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கப் பார்த்தார். கிடங்கில் விழுந்தது உழவன். பெரும்போகம் வந்தது, எரு இல்லை. சீனத்திலிருந்து கப்பலில் வந்த உரத்தில் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாக இலங்கையின் ஆய்வாளர்களே தடுத்தனர். கப்பல் கடலில் சுற்றியது. பொருளை இறக்காமலே 67 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 2021 நவம்பரில் தடையை விலக்கினர், காலம் கடந்துவிட்டது. 2022இல் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. போரில் எல்லாம் இழந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் மறுபடியும் ஏர் பிடித்த தமிழ் உழவன், நாட்டின் தென்கோடிச் சிங்கள உழவனோடு சேர்ந்து மஞ்சள் பாய்ந்த பயிரைப் பார்த்து நின்றான். 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டே ஓடினார். அவரை வீழ்த்தியது உரம் மட்டுமன்று. ஆனால் அந்த வீழ்ச்சியில் உரத்துக்கும் ஒரு பங்குண்டு.

இதைக் கண்டு உர நிறுவனங்களின் வக்கீல்கள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். “பார்த்தீர்களா, இயற்கை வேளாண்மை என்றால் பட்டினி” என்று! இல்லை, கனவான்களே. அங்கே நடந்தது வேளாண்மைச் சீர்திருத்தம் அன்று. டாலர் மிச்சம் பிடிக்கும் தந்திரத்துக்குப் பச்சைச் சாயம் பூசியது. எருவுக்கு மாடு எங்கே, தழைக்குக் காடு எங்கே, மாறும் ஆண்டுகளின் இழப்பை ஈடுகட்டப் பணம் எங்கே என்று கேட்காமல், தடை ஒன்றைப் போட்டுவிட்டு வட்டம் தானே சுழலும் என்று எண்ணியது. உபதேசத்தின் உடன்பிறப்பு அந்தத் தடை. ஒருவர் “செய்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிறார். மற்றவர் “செய்யாவிட்டால் சாவு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிறார்.

பொறுமையாகச் செய்த இடமும் இருக்கிறது. ஆந்திரத்தில் 2016 முதல் அரசு நிறுவனம் ஒன்று, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியாக, உழவரே உழவருக்குக் கற்பிக்கும் முறையில் ஊர் ஊராகச் சென்றது. தடை போடவில்லை, வசவு பாடவில்லை. ஆண்டுக்கணக்கில் கூட இருந்து, பல லட்சம் உழவர்களைச் சேர்த்தது. 2024இல் குல்பென்கியன் என்ற பன்னாட்டுப் பரிசும் அதற்குக் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அங்கும் முள் எங்கே தைக்கிறது தெரியுமா? குத்தகையில்தான். 2019இல் ஆந்திரம் இயற்றிய சாகுபடிதாரர் உரிமைச் சட்டத்தில், நில உடைமையாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் குத்தகைக்காரனுக்கு அட்டை. அந்தக் கையெழுத்தைப் போடத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். எந்த வழியில் நடந்தாலும் கால் இடறும் கல் அதே கல்!

பட்டணத்தாருக்கும் ஒரு சொல். நெல்லும் காயும் கனியும் கிராமத்திலிருந்து நகரம் போகின்றன. அவற்றோடு போன மண்ணின் சத்து திரும்புகிறதா? 19ஆம் நூற்றாண்டிலேயே லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலர், நகரத்துச் சாக்கடை கிராமத்து மண்ணின் வளத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதைக் கண்டித்து எழுதினார். சென்னையின் மிச்சில் எங்கே போயிற்று? பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாய்க் குவிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே தின்றது. பல பத்தாண்டுக் குப்பையை அகழ்ந்து பிரிக்க இப்போது கோடி கோடியாகச் செலவு. மட்கும் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. விதி வந்தது, வேலை வந்ததா? கண்ணாடித் துண்டும் மின்கலமும் கலந்ததை “நகர உரம்” என்று உழவன் தலையில் கட்டாதீர்கள். சுத்தமாகப் பிரித்து, மக்கவைத்து, வண்டி வாடகையையும் நகராட்சியே ஏற்றுத் திருப்பி அனுப்புங்கள். கடன் வாங்கியவன்தானே கூலி கொடுத்துத் திருப்பிச் சேர்க்க வேண்டும்?

தோழர்களே, இவற்றை மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கிராமக் கணக்கில் ஓர் எழுத்தும் மாறாது. அடுத்த கிராம சபைக்கு முன்னர் ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் அ-பதிவேட்டு நகலைக் கேட்டுப் பெறட்டும். மேய்க்கால், மந்தைவெளி என்று எழுதிய புல எண்களைக் குறித்துக்கொண்டு அந்த இடங்களுக்கு நேரில் நடந்து போய்ப் பாருங்கள். ஊரில் குத்தகைக்கு உழுவோர் எத்தனை பேர், கோயில் நிலத்தில் எத்தனை பேர், அவர்களில் பதிவேட்டில் பெயர் ஏறியவர் எத்தனை பேர் என்று வீடு வீடாக எழுதுங்கள். வண்டல் அனுமதிச் சீட்டுகளின் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கிடைத்ததைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். தீர்மான ஏட்டில் ஏறும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள். எந்தப் புறம்போக்கு எவர் வேலிக்குள் போயிற்று என்பது பழைய தலையாரிகளுக்கு மனப்பாடம். முதலில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.